ஜம்ப் ரேசிங் சீசன் தொடங்குறதுக்கு முன்னாடி "ஃபாலோ பண்ண வேண்டிய குதிரைகள்" லிஸ்ட் நீங்களே போடுறது எப்படி? முழு வழிகாட்டி

ஒவ்வொரு வருஷமும் செப்டம்பர் வந்தா போதும், இங்கிலாந்து அயர்லாந்து ரேசிங் பத்திரிகை எல்லாம் "இந்த சீசன்ல ஃபாலோ பண்ண வேண்டிய 40 குதிரை", "50 குதிரை"னு லிஸ்ட் போட ஆரம்பிச்சிடுவாங்க. எடுத்துப் பாத்தா பாதிப் பேர் போன மார்ச்ல செல்டன்ஹாம்ல நடந்த, ஜம்ப் ரேசிங்கோட பெரிய திருவிழாவுல ஜெயிச்சவங்க. ஜெயிச்ச குதிரை நல்ல குதிரைன்னு சொல்றதுக்கு ஒரு லிஸ்ட் எதுக்குங்க? அதனால இந்தப் பதிவுல நான் ரெடிமேட் லிஸ்ட் தரப்போறது இல்ல, நீங்களே எப்படி போடுறதுன்னு ஆரம்பத்துல இருந்து சொல்றேன், நடுவுல நிஜ குதிரைகளை உதாரணத்துக்கு இழுத்துக்குவேன்.

என்னோட ஒரே ரூல் இதுதான். லிஸ்ட்ல சேக்குற ஒவ்வொரு குதிரைக்கும் பக்கத்துல "இந்த வருஷம் இதுக்கு என்ன மாறப்போகுது"ன்னு ஒரு வரி எழுதணும். எழுத முடியலையா, குதிரை எவ்ளோ பெரிய பேரா இருந்தாலும் லிஸ்ட்ல இடம் இல்ல. தூரம் மாறலாம், ஹர்டில்ல இருந்து ஃபென்ஸுக்கு மாறலாம், தரை மாறலாம், வயசு கூடி உடம்பு தேறலாம், ஏதோ ஒண்ணு மாறணும். எதுவுமே மாறாத குதிரை போன வருஷம் ஓடின மாதிரியே ஓடும், அது ஏற்கனவே எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்.

முதல்ல அடிப்படை, சீக்கிரமா முடிச்சிடலாம்

கிண்டி, ஊட்டினு நம்மாளுங்க பாத்துப் பழகினது ஃபிளாட் ரேஸ், வழியில எதையும் தாண்டாம ஓடுறது. ஜம்ப் ரேசிங்ல குறைஞ்சது 2 மைல், அதாவது 3.2 கிலோமீட்டர் ஓடணும், வழியில தடுப்பு தாண்டணும். தடுப்பு ரெண்டு வகை. ஹர்டில்ங்கிறது மூணரை அடி, கொஞ்சம் தட்டினாலும் வளைஞ்சு குடுக்கும். ஃபென்ஸ்ங்கிறது குறைஞ்சது நாலரை அடி, கெட்டியா இருக்கும், தப்பா தாண்டினா ஜாக்கி கீழ கிடப்பார். ஃபென்ஸ் ரேஸுக்குப் பேரு சேஸ். அந்த வகையில போன சீசன் வரைக்கும் ஒரு ரேஸும் ஜெயிக்காத குதிரை "நாவிஸ்". தடுப்பே இல்லாம, சின்ன வயசு ஜம்ப் குதிரைகளைப் பழக்க நடத்துற ஃபிளாட் ரேஸ் "பம்பர்".

இன்னொரு விஷயம், ஃபிளாட்ல நல்ல குதிரையை மூணு நாலு வயசுலயே இனப்பெருக்கத்துக்கு அனுப்பிடுவாங்க, ரசிகனுக்கு ஒரு வருஷம்தான் பாக்கக் கிடைக்கும். ஜம்ப் குதிரைகள்ல பெரும்பாலானது காயடிச்சது, அதனால பத்து வயசுக்கு மேலயும் ஓடும். டைகர் ரோல்ங்கிற குதிரை 2014ல நாலு வயசுல, அந்த வயசுக்காரங்களுக்கான செல்டன்ஹாம் ரேஸான ட்ரையம்ஃப் ஹர்டில் ஜெயிச்சுட்டு, 2018லயும் 2019லயும் கிராண்ட் நேஷனல் ஜெயிச்சுட்டு, 2021லயும் செல்டன்ஹாம்ல வந்து ஜெயிச்சுச்சு. லிஸ்ட் போட்டு வருஷக்கணக்கா ஒரு குதிரை பின்னாடி போறதுல ஒரு சுகம் இருக்குன்னா அது இந்த ஜம்ப் ரேசிங்லதான்.

ஸ்டெப் 1: ஏப்ரல் கடைசியிலயே ஆரம்பிங்க

சீசனோட கணக்கு ஏப்ரல் கடைசில முடியும். இங்கிலாந்துல சாண்டவுன், அயர்லாந்துல பன்ச்செஸ்டவுன், அத்தோட பெரிய குதிரைங்க எல்லாம் புல்வெளிக்கு லீவுல போயிடும். கோடைலயும் ரேஸ் நடக்கும், ஆனா பெரிய தலைங்க வராது. அக்டோபர்ல செப்ஸ்டோ, செல்டன்ஹாம்னு ஆரம்பிச்சு நவம்பர்ல சூடு பிடிக்கும்.

லிஸ்ட்டை செப்டம்பர்ல உக்காந்து போட்டா, அதுக்குள்ள ட்ரெய்னர் பேட்டி எல்லாம் வந்து மண்டையைக் குழப்பிடும். ஒவ்வொரு ட்ரெய்னரும் "இந்த குதிரை கோடைல நல்லா வளந்திருக்கு, தோள் அகலமாயிருக்கு, ரொம்ப சந்தோஷமா இருக்கோம்"னுதான் சொல்வார், வேற என்ன சொல்வார், ஓனர் மாசாமாசம் பில் கட்டணும்ல. பேட்டில ஒரே ஒரு விஷயத்தை மட்டும் எடுத்துக்கோங்க: குதிரை அடுத்து எங்க ஓடும், ஹர்டிலா சேஸா, எவ்ளோ தூரம். மத்ததெல்லாம் விட்டுடுங்க.

ஸ்டெப் 2: எந்தக் கூட்டத்துல தேடுறது

இங்கதான் கொஞ்சம் நிதானமா போகணும், ஏன்னா நல்ல லிஸ்ட்டுக்கும் சுமார் லிஸ்ட்டுக்கும் வித்தியாசம் இங்கதான் வருது.

நான் முதல்ல தேடுறது ஹர்டில்ல சுமாரா நல்லா ஓடி, இந்த வருஷம் சேஸுக்குப் போற குதிரைகளை. ஹர்டில்ல ராஜாவா இருந்தவனைத் தேடலை, கவனிங்க. பாலிபர்ன் 2024 செல்டன்ஹாம்ல ரெண்டரை மைல் நாவிஸ் ஹர்டிலை அடிச்சு நொறுக்கிட்டு வந்துச்சு, ஊரே அடுத்த கோல்ட் கப் (செல்டன்ஹாமோட பெரிய சேஸ்) குதிரைன்னு பேசுச்சு. அடுத்த வருஷம் சேஸுக்குப் போச்சு, 2025 பிரவுன் அட்வைசரில, அதாவது செல்டன்ஹாம்ல நாவிஸ் குதிரைகளுக்கான பெரிய சேஸ்ல, ஃபேவரிட்டா இறங்கி தோத்துச்சு, ஜெயிச்சது அதே ட்ரெய்னர் வில்லி மல்லின்ஸோட லெக்கி வாட்சன், 20/1ல, அதாவது ஒண்ணு கட்டினா இருபது லாபம். ஹர்டில்ல வேகமா தட்டிட்டுப் போறது வேற கலை, ஃபென்ஸ்ல அடி அளந்து எழும்புறது வேற கலை.

இதுக்கு நேர் எதிர் உதாரணம் ஃபேக்ட் டு ஃபைல். 2023ல சாம்பியன் பம்பர்ங்கிற செல்டன்ஹாம் பம்பர் ரேஸ்ல ரெண்டாவது வந்துச்சு. அடுத்த சீசன் ஹர்டிலையே தொடாம நேரா சேஸுக்கு அனுப்பினாங்க. இப்படி பண்றது ரொம்ப அபூர்வம், இந்தக் குதிரை ஃபென்ஸுக்குன்னே பிறந்ததுன்னு ஸ்டேபிள் (ட்ரெய்னரோட லாயம்) நினைச்சாதான் பண்ணுவாங்க. முதல் சேஸ்ல தோத்துச்சு, அப்பவே பலர் கை கழுவிட்டாங்க. ஆனா அந்த சீசன் முடிவுல 2024 பிரவுன் அட்வைசரி, அடுத்த வருஷம் 2025 ரயன்ஏர் சேஸ், ரெண்டுமே செல்டன்ஹாம்ல ஜெயிச்சுச்சு. 2023 கோடைல இந்தக் குதிரைக்கு எழுத வேண்டிய வரி ஒண்ணே ஒண்ணுதான்: "ஹர்டில் இல்லாம நேரா சேஸ்". அந்த ஒரு வரி போதும்.

அடுத்த கூட்டம் பாயிண்ட் டு பாயிண்ட்ல இருந்து வர்றது. இது அமெச்சூர் ஜாக்கிங்க ஓட்டுற கிராமத்து ரேஸ், வயல்ல வேலி கட்டி நடக்கும். அயர்லாந்துல நாலு வயசு குதிரைகள் இதுல ஜெயிச்ச கையோட ஏலத்துக்கு வரும், விலை தலை சுத்தும். ஜான்பான் 2020 நவம்பர்ல 5,70,000 பவுண்டுக்குப் போச்சு, பாயிண்ட்ல ஜெயிச்சிருந்துச்சு, அதோட டூவான்ங்கிற பேர்போன சேஸ் குதிரையோட கூடப்பிறந்த தம்பி. கான்ஸ்டிட்யூஷன் ஹில் பாயிண்ட்ல ரெண்டாவதுதான் வந்துச்சு, விலை 1,20,000 பவுண்டு. ரெண்டுமே போய் சேந்தது இங்கிலாந்து ட்ரெய்னர் நிக்கி ஹெண்டர்சன் ஸ்டேபிள்லதான். 2022 சுப்ரீம் நாவிஸ் ஹர்டில்ல ரெண்டும் மோதுச்சு, கான்ஸ்டிட்யூஷன் ஹில் 22 லெங்த்ல (ஒரு லெங்த்னா ஒரு குதிரை நீளம்) ஜெயிச்சுச்சு, ரெண்டாவது ஜான்பான். ஜான்பான் ஒண்ணும் சோடை போகலை, பின்னாடி 2023, 2024னு சாண்டவுன்ல நடக்குற டிங்கிள் கிரீக் சேஸை ரெண்டு தடவை ஜெயிச்சுச்சு. நான் சொல்ல வர்றது, ஏல விலையை வச்சு லிஸ்ட் போடாதீங்க.

மூணாவது கூட்டம் எனக்கு ரொம்பப் பிடிச்சது, மறந்துபோன குதிரைகள். காயம் பட்டு வசந்த காலத்தை மிஸ் பண்ணின குதிரை யாரோட லிஸ்ட்லயும் இருக்காது, ஏன்னா எல்லாரும் லிஸ்ட் போடுறது செல்டன்ஹாம் ரிசல்ட்டை வச்சு. தி ஜூக்பாக்ஸ் மேன்னு ஒண்ணு, ஓனர் பழைய ஃபுட்பால் மேனேஜர் ஹாரி ரெட்நாப், ட்ரெய்னர் பென் பாலிங். 2024ல ஆல்பர்ட் பார்ட்லெட்ங்கிற செல்டன்ஹாம் நாவிஸ் ஹர்டில்ல மயிரிழையில ரெண்டாவது, அந்த வருஷம் டிசம்பர் 26ல கெம்ப்டன்ல கௌட்டோ ஸ்டார் நாவிஸ் சேஸ் ஜெயிச்சுச்சு, அதுக்கப்புறம் சீசன் முழுக்க ஓடலை. மார்ச்ல எல்லாரும் வேற பேரைப் பேசிட்டு இருந்தாங்க. 2025 டிசம்பர் 26, அதே கெம்ப்டன், கிங் ஜார்ஜ் சேஸ், நாலு குதிரை ஒண்ணா வந்து முட்டின முடிவுல ஜெயிச்சது இதுதான். அதனால டிசம்பர் ஜனவரில பெரிய நாவிஸ் ரேஸ் ஜெயிச்சுட்டு மார்ச்ல காணாம போனவங்க யார் யாருன்னு தனியா ஒரு தேடல் போடுங்க.

நாலு வயசு ட்ரையம்ஃப் ஹர்டில் குதிரைகள் விஷயத்துல நான் கொஞ்சம் ஜாக்கிரதை. அடுத்த வருஷம் அஞ்சு வயசுல பெரிய குதிரைகளோட மோதும்போது பல பேர் திணறுவாங்க. 2025 ட்ரையம்ஃப்ல ஜெயிச்ச போனிரோஸ் 100/1, அதுதான் அதோட முதல் ஹர்டில் ரேஸே. அந்த ரேஸை எப்படிக் கணக்குல எடுக்குறதுன்னு நீங்களே சொல்லுங்க.

ஸ்டெப் 3: ரிசல்ட்டைப் படிக்காதீங்க, ரீப்ளே பாருங்க

ஒரு ரேஸை மூணு தடவை பாக்கணும். முதல் தடவை சும்மா. ரெண்டாவது தடவை உங்க குதிரையை மட்டும். மூணாவது தடவை கடைசி ரெண்டு தடுப்புல இருந்து கோடு வரைக்கும், அதுவும் ஜெயிச்சவனை விட்டுட்டு பின்னாடி வர்றவங்களை.

2025 ஆர்க்கிள் சேஸை எடுத்துக்கோங்க, 2 மைல், செல்டன்ஹாம். மஜ்பரோ 1/2 ஃபேவரிட், கடைசிக்கு முந்தின ஃபென்ஸ்ல பெருசா தப்பு பண்ணி வேகம் செத்துப்போச்சு, கடைசில மூணாவது. ஜெயிச்சது ஜேங்கோ பே. இப்ப ஜேங்கோ பேயை மட்டும் பாருங்க. ரேஸோட பாதி வரைக்கும் அந்த வேகத்துக்கு ஈடு குடுக்க முடியாம பின்னாடி தள்ளாடிட்டு இருக்கும், ஜாக்கி கை அசைஞ்சுட்டே இருக்கும், முடிஞ்சுதுன்னு நினைப்பீங்க. கடைசி ஃபென்ஸ் தாண்டி மேடு ஏறும்போதுதான் நீளமா கால் போட்டு வந்து கோட்டுக்கிட்ட பிடிக்கும். இதைப் பாத்ததும் எழுத வேண்டிய வரி "2 மைல் ஜெயிச்சவன்" இல்ல, "2 மைல் பத்தாது, தூரம் கூட்டினா வேற குதிரை". நிஜமாவே அடுத்த டிசம்பர்ல 3 மைல் கிங் ஜார்ஜுக்கு வந்துச்சு, மேல சொன்ன அந்த நாலு குதிரை முடிவுல அதுவும் இருந்துச்சு.

ரீப்ளேல வேற என்ன பாக்கணும்னா, தாண்டும்போது குதிரை எந்தப் பக்கம் சாயுதுன்னு பாருங்க. செல்டன்ஹாம், ஐன்ட்ரீ, நியூபரி, லெப்பர்ட்ஸ்டவுன் எல்லாம் இடது பக்கம் திரும்புற டிராக். கெம்ப்டன், சாண்டவுன், ஆஸ்கட், பன்ச்செஸ்டவுன் வலது. வலது பக்கமா சாஞ்சு தாண்டுற குதிரை இடது டிராக்ல ஒவ்வொரு ஃபென்ஸுக்கும் கொஞ்சம் கொஞ்சமா வெளிய போய் நிலத்தை விட்டுக் குடுக்கும். கேலிக் வாரியர் 2022ல செல்டன்ஹாம்ல அப்படி வலது சாஞ்சு சாஞ்சு ஓடியே தலையளவுக்கும் கம்மியா தோத்துச்சு. ஆனா அதே குதிரை 2024ல அதே செல்டன்ஹாம்ல ஆர்க்கிள் ஜெயிச்சுச்சு, அதனால இதை ஆயுள் தண்டனையா எடுத்துக்க வேண்டாம், குறிப்பா எழுதி வச்சுக்கிட்டா போதும். பழைய ஆளுங்களுக்கு டெசர்ட் ஆர்கிட் ஞாபகம் இருக்கும், வலது டிராக் கெம்ப்டன்ல நாலு கிங் ஜார்ஜ் ஜெயிச்ச வெள்ளைக் குதிரை, இடது டிராக் பிடிக்காதுன்னு சொல்லிட்டே இருந்தாங்க, 1989ல செல்டன்ஹாம் சேத்துல கோல்ட் கப்பையும் தூக்கிட்டுப் போச்சு.

புது சேஸ் குதிரையை எடை போட சாண்டவுனோட ரயில்வே ஃபென்ஸ் மாதிரி இடம் கிடையாது. பின் பக்கத்துல வரிசையா மூணு ஃபென்ஸ், நெருக்கமா இருக்கும், முதல்ல தப்பா இறங்கினா அடுத்ததும் தப்பாகும். மூணையும் ஒரே தாளத்துல தாண்டுற குதிரைன்னா பேரை அடிக்கோடு போட்டுக்கோங்க, ரேஸ் தோத்தாலும் பரவால்ல.

ஸ்டெப் 4: ஃபார்ம் வரி படிக்கிறது

பேருக்கு முன்னாடி "21-எஃப்1பி" மாதிரி இருக்கும். இடமிருந்து வலம் படிங்க, கடைசி எழுத்துதான் புது ரேஸ். எண் வந்த இடம், எஃப்னா விழுந்துச்சு, யுன்னா ஜாக்கி கீழ விழுந்தார், பின்னா பாதில நிறுத்திட்டாங்க. சின்னக் கோடு வந்தா அங்க ஒரு சீசன் முடிஞ்சுது. இதுல ஒரு எஃப் இருக்குன்னு பயந்து குதிரையை விடாதீங்க, விழுந்தப்போ எந்த நிலைல இருந்துச்சுன்னு ரீப்ளே பாருங்க. ஒரு தடவை முன்னாடி நின்னு விழுந்தது விபத்து, திரும்பத் திரும்ப விழுந்தா அது வேற கதை. 2023ல செல்டன்ஹாமோட பெரிய ஹர்டில் ரேஸான சாம்பியன் ஹர்டிலை ஜெயிச்ச கான்ஸ்டிட்யூஷன் ஹில்லே 2025ல செல்டன்ஹாம்ல ஒண்ணு, அடுத்த மாசம் ஐன்ட்ரீல ஒண்ணுன்னு விழுந்ததும் ஆளுங்க பேச்சு மாறிப்போச்சு.

மூச்சுக்குழாய் ஆபரேஷன் பண்ணியிருந்தா 2018ல இருந்து பிரிட்டன்ல ரேஸ் கார்டுலயே போட்டாகணும். போன சீசன் நல்லா வந்து வந்து கடைசி 200 மீட்டர்ல நின்னுபோன குதிரைக்குப் பக்கத்துல இந்தக் குறி வந்தா, அதுதான் உங்க "என்ன மாறுது" வரி. குதிரைகளுக்கு மதிப்பெண் போடுற டைம்ஃபார்ம் நிறுவனத்தோட ரேட்டிங்ல எண்ணுக்குப் பக்கத்துல சின்ன "பி" (p) எழுத்து இருந்தா இன்னும் முன்னேறும்னு அர்த்தம், பெரிய "பி" (P)ன்னா ரொம்பவே முன்னேறும்னு. இதை மட்டும் வச்சு வடிகட்டினாலே பாதி வேலை முடிஞ்சிடும்.

ஃபிரான்ஸ் குதிரைன்னா ஒரு சின்ன டிப்ஸ். அங்க நிறைய ஜம்ப் குதிரைக்கு பிறந்த வருஷத்துக்கு ஏத்த எழுத்துல பேர் வைப்பாங்க. 2016னா ஜி, கேலோப்பன் தே ஷாம். 2020னா கே, கோப்பெக் தே போர்த். எல்லாரும் இதைப் பின்பற்றுறது இல்ல, ஆனா பேரைப் பாத்தே வயசு சொல்லி பக்கத்துல இருக்கவனை அசத்தலாம்.

ஸ்டெப் 5: ஸ்டேபிள் பழக்கம் தெரிஞ்சுக்கோங்க

வில்லி மல்லின்ஸ் அயர்லாந்துக்காரர், கார்லோ கவுண்டில க்ளோசட்டன்ல ஸ்டேபிள். 2023-24, 2024-25 ரெண்டு சீசனும் இங்கிலாந்து சாம்பியன் ட்ரெய்னர் பட்டத்தையும் அங்க இருந்துக்கிட்டே தூக்கிட்டார், அதுக்கு முன்னாடி ஒரு அயர்லாந்து ட்ரெய்னர் இதைப் பண்ணினது 1954ல வின்சென்ட் ஓ'பிரையன். இவரோட குதிரைங்க லேட்டாதான் வெளிய வரும், நவம்பர் கடைசி வரைக்கும் காணோம்னு பதறாதீங்க. இவர்கிட்ட ஒரே ரேஸுக்கு அஞ்சாறு குதிரை இருக்கும், ஸ்டேபிள் ஜாக்கி பால் டவுனெண்ட் எதை எடுத்தார்னு பாத்து எல்லாரும் ஓடுவாங்க. ஆனா மேல சொன்ன லெக்கி வாட்சன், போனிரோஸ் ரெண்டுமே இவரோட குதிரைதான், ரெண்டுலயும் மேல இருந்தது வேற ஜாக்கி. அதனால இவர் ஸ்டேபிள்ல இருந்து எடுக்கும்போது நான் ரெண்டாவது மூணாவது வரிசைக் குதிரையைத்தான் தேடுவேன்.

இங்கிலாந்து ட்ரெய்னர் டான் ஸ்கெல்டன் வேற ரகம், ஹேண்டிகேப் ரேஸ்ல கில்லாடி. ஹேண்டிகேப்னா நம்ம கிண்டி ரேஸ்ல இருக்குற அதே கணக்குதான், நல்ல குதிரைக்கு எடை கூட. செல்டன்ஹாம் ஹேண்டிகேப்பான கவுண்டி ஹர்டிலை மட்டும் 2016, 2018, 2019, 2023னு நாலு தடவை ஜெயிச்சிருக்கார். இவரோட குதிரை லேங்கர் டான் 2023, 2024 ரெண்டு வருஷமும் கோரல் கப்ங்கிற இன்னொரு செல்டன்ஹாம் ஹேண்டிகேப்பை ஜெயிச்சுச்சு, ரெண்டாவது தடவைக்கு முன்னாடி அந்த சீசன்ல ஓடின ஓட்டத்தைப் பாத்தா யாரும் திரும்பிக்கூட பாத்திருக்க மாட்டீங்க.

குளிர்காலம் முழுக்க மந்தமா ஓடிட்டு வசந்தத்துல முழிச்சுக்கிற குதிரைகளும் இருக்கு. இன்னதவேயுர்திங்கின், ஆமா பேரு அப்படித்தான், ட்ரெய்னர் கேவின் க்ராம்வெல். 2024 செல்டன்ஹாம்ல கிம் முயர்ங்கிற ஹேண்டிகேப் சேஸ், ஏப்ரல்ல ஐன்ட்ரீன்னு கலக்கிட்டு, அடுத்த சீசன் டிசம்பர் பிப்ரவரில சுமாராதான் ஓடுச்சு. ஐரிஷ் கோல்ட் கப்ல நாலாவது. 2025 செல்டன்ஹாம் கோல்ட் கப்புக்கு முதல்ல என்ட்ரியே இல்ல, கடைசில 25,000 பவுண்டு கட்டி சேத்தாங்க, ஜெயிச்சு வந்துச்சு, ரெண்டாவது யாருன்னா 2023, 2024 ரெண்டு வருஷமும் ஜெயிச்ச கேலோப்பன் தே ஷாம். ஜனவரில இதை லிஸ்ட்ல இருந்து அடிச்சவங்க, போன ஏப்ரல்ல எழுதின வரியை ஒரு தடவை திரும்பப் படிச்சிருந்தா அடிச்சிருக்க மாட்டாங்க.

ஸ்டெப் 6: எழுதுற விதம்

பதினஞ்சு குதிரைக்கு மேல வேண்டாம். நாப்பது போட்டா சனிக்கிழமை எதைப் பாக்குறதுன்னே தெரியாது. நோட்ல ஒரு குதிரைக்கு இப்படி இருந்தா போதும்:

"கோல்டன் ஏஸ். பொண்ணு குதிரை. ட்ரெய்னர் ஜெரமி ஸ்காட். 2024 மார்ச்ல பொண்ணு குதிரைகளுக்கான நாவிஸ் ஹர்டில்ல பிரைட்டர்டேஸ்அஹெட்டைத் தோக்கடிச்சுச்சு. மாறுறது: அடுத்த சீசன் ஆண் குதிரைகளோட மோதும், 7 பவுண்டு எடை சலுகை கிடைக்கும், யாரும் கண்டுக்கலை. லிஸ்ட்ல இருந்து அடிக்க வேண்டிய நேரம்: சலுகை இருந்தும் தொடர்ந்து பத்து லெங்த்துக்கு மேல தோத்தா."

2025 சாம்பியன் ஹர்டில்ல கான்ஸ்டிட்யூஷன் ஹில் விழுந்து, முன்னாடி போயிட்டிருந்த ஸ்டேட் மேனும் கடைசி ஹர்டில்ல விழுந்து, 25/1ல ஜெயிச்சது இதுதான். அதிர்ஷ்டம்னு சொல்லலாம், சொல்லிக்கோங்க, ஆனா பின்னாடி யாரு வந்துட்டு இருந்தாங்கிறதும் ஒரு கணக்குதான்.

அந்தக் கடைசி வரி, "அடிக்க வேண்டிய நேரம்", ரொம்ப முக்கியம். அதை முன்னாடியே எழுதலைன்னா பாசம் வந்துடும், மூணு தடவை தோத்தாலும் சாக்கு சொல்லி வச்சுட்டே இருப்போம்.

பந்தயம் கட்டுறதைப் பத்தி ஒரு வார்த்தை. அக்டோபர்லயே மார்ச் ரேஸுக்குக் காசு கட்டுறது உண்டு, பொதுவா குதிரை ஓடலைன்னா காசு போச்சு, திரும்ப வராது. ஜம்ப் குதிரை அஞ்சு மாசம் காயமில்லாம இருக்குறதே பெரிய விஷயம். கான்ஸ்டிட்யூஷன் ஹில் 2024 சாம்பியன் ஹர்டிலுக்கு எல்லாரும் நம்பின குதிரை, உடம்பு சரியில்லாம ஓடவே இல்ல. லிஸ்ட் போடுறது பாக்குறதுக்குன்னு வச்சுக்கோங்க.

ஸ்டெப் 7: சீசன் நடக்கும்போது

ரேசிங் ஆப்ல அலெர்ட் போட்டு விட்டுடுங்க, என்ட்ரி ஆனா மெசேஜ் வரும். நான் லிஸ்ட்டைத் திருத்துறது மூணு இடத்துல மட்டும். நவம்பர் செல்டன்ஹாம் மீட்டிங் முடிஞ்சதும் இன்னும் வெளிய வராதவங்க யாருன்னு பாப்பேன். கிறிஸ்துமஸ் வாரம் கெம்ப்டன், லெப்பர்ட்ஸ்டவுன் முடிஞ்சதும் பெருசா அடிச்சுத் திருத்துவேன், அங்கதான் நாவிஸ் சேஸ் குதிரைகளோட சாயம் வெளுக்கும். பிப்ரவரி தொடக்கத்துல லெப்பர்ட்ஸ்டவுன்ல டப்ளின் ரேசிங் ஃபெஸ்டிவல் முடிஞ்சதும் கடைசித் திருத்தம். நடுவுல ஒரு ரேஸ் தோத்துச்சுன்னு எதையும் அடிக்கறது இல்ல, முக்கியமா தரை ஒத்து வரலைன்னா. சேறு பிடிக்காத குதிரையை ஹேடாக் டிராக் சேத்துல பாத்துட்டுத் தீர்ப்பு சொல்லாதீங்க.

காயம் பட்டு சீசன் முடிஞ்சுபோன குதிரைகளை லிஸ்ட்ல இருந்து தூக்குவீங்கல்ல, அதை அழிச்சுடாம அடுத்த பக்கத்துக்கு மாத்தி எழுதி வைங்க, அடுத்த வருஷ லிஸ்ட்டோட முதல் பேரே அங்க இருந்துதான் வரும்.